நித்தியத் தூண்கள்: குணமும் குற்றமும்

கணினியில் ஆடும் விளையாட்டொன்றைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பையும் வேறு சிலருக்கு வெறுப்பையும் விளைத்தல் கூடும். ஈராண்டின் முன் வேறெவரேனும் எழுதியிருந்தால் நானும் அவ்விரு சாராருள் ஒரு சாராருடன் நின்றிருப்பேன். என்னிடம் பாடங்கேட்டு இப்பொழுது தாமும் ஆசிரியராயிருக்கும் அன்பர் ஒருவர், ஒரு விடுமுறையிலே தமது மடிக்கணினியைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்து, "ஐயா, இதில் இருப்பது கதையா, வெறும் பொழுதுபோக்கா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். நாங்கள் சொன்னால் ஒருவரும் கேட்கிறாரில்லை" என்றார். அவர் வைத்துச் சென்றது 'பில்லர்ஸ் ஒவ் எற்றேணிற்றி' என்னும் ஆட்டம். நித்தியத்தின் தூண்கள் என்பது பெயரின் பொருள். அதனை முடிப்பதற்கு எனக்கு இரண்டு விடுமுறைகள் சென்றன. எழுத்துச் சிறிதாயிருந்தமையால் மூக்குக்கண்ணாடியும் மாற்ற வேண்டியதாயிற்று.

அறியாதார் பொருட்டு இவ்வகை ஆட்டத்தின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். 1998 இல் 'போல்டர்ஸ் கேட்', 1999 இல் 'பிளேன்ஸ்கேப்: ரோமென்ற்', 2000 இல் 'ஐஸ்விண்ட் டேல்' என மூன்று ஆட்டங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஆடுவோன் தனக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்வான். ஐவர் வரையிலான துணைவரைச் சேர்த்துக்கொண்டு, மேலிருந்து நோக்குவார்க்குத் தீட்டிய ஓவியம்போலத் தோன்றும் நிலங்களிலே நடந்து செல்வான். எதிர்ப்படுவோர் கூறுவதைப் படித்துத் தன் மறுமொழியைத் தேர்ந்து கொள்வான். வேண்டியவிடத்துப் போர் செய்வான். மேனாட்டார் மேசையைச் சுற்றியிருந்து காயுருட்டி ஆடும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதே இவற்றுக்கெல்லாம் மூலம். பின்னர் வெளியீட்டாளரின் நாட்டம் வேறு வகைகளிற் சென்றது. படிப்பதற்கு மிகுதியும் உள்ள இவ்வகை ஏறக்குறையப் பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

2003 இல் கலிபோர்னியாவிலே தொடங்கப்பெற்ற ஒப்சிடியன் என்னும் நிறுவனத்தார், பழைய ஆட்டங்களோடு தொடர்புடையோர் சிலரைத் தம்மிடத்தே கொண்டவர். அவர்கள் 2012 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே கிக்ஸ்ராட்டர் என்னும் வழியாகப் பொதுமக்களிடமே நேரிற் பொருள் கேட்டனர். கேட்டது 11 இலட்சம் டொலர். ஏறத்தாழ ஒரு நாளிலே அது சேர்ந்துவிட்டது. ஒரு மாதம் முடிய, 73,000 பேருக்கு மேற்பட்டோர் கொடுத்த தொகை 40 இலட்சம் டொலரை அணுகிற்று. வரலாறு பயின்றவராகிய ஜொஷ் சோயரின் நெறியாள்கையில் உருவாகிய ஆட்டம் 2015 மார்ச் 26 இல் வெளிவந்தது.

பணத்தின் கதையை நான் முதலிலே எடுத்தோதியதற்குக் காரணம் உண்டு. இவ்வாட்டம் உயிர்பெற்றது அப்பணத்தினால். இதன் குற்றங்களிற் பெரும்பாலன பிறந்ததும் அப்பணத்தினாலேயே என்பது என் துணிபு. அதனைப் பின்னர்க் கூறுவேன். குணத்தை முன்னர்க் கூறுதலே முறை. கதையின் முடிவைத் தொடாது அதனைக் கூறுதல் இயலாதாகலின், ஆட விரும்புவோர் எவரேனும் உளராயின் இவ்விடத்தே இக்கட்டுரையை மடித்து வைப்பாராக.

கதை நிகழ்வது இயோரா என்னும் கற்பனை உலகிலே, டியர்வுட் என்னும் நாட்டில். அங்கே ஆண்டுகள் பலவாக ஒரு கொடுமை நிகழ்ந்து வருகின்றது. குழந்தைகள் உயிர்ப்புடன் பிறக்கின்றன. மூச்சு உண்டு. கண் திறந்திருக்கும். ஆயின் உள்ளே ஆன்மா இல்லை. அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. தாய் முகத்தைக் கண்டு திரும்பும் பார்வையும் இல்லை. 'வெறுமையாய்ப் பிறந்தோர்' என்று அவர்களுக்குப் பெயர். சிலர் விலங்கின் ஆன்மாவை அவ்வுடல்களிற் புகுத்திப் பார்த்தனர். அக்குழந்தைகள் வளர்ந்து கடித்துக் குதறும் விலங்குகளாயின. இவ்வளவையும் ஆட்டம் விரித்துரைப்பதில்லை. ஊரவர் பேச்சிலே இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்கிறோம். கேட்கக் கேட்க நெஞ்சு கனக்கின்றது.

நாம் ஏற்கும் பாத்திரம் பிறர் ஆன்மாவின் பழம்பிறப்பைக் காணும் ஆற்றலைத் தற்செயலாகப் பெற்ற ஒருவன். காண்போன் என்று அவனைச் சொல்வர். அந்த ஆற்றலே அவனைப் பித்தனாக்கிவிடும் என்பதும் விரைவிலே தெரியவருகின்றது. ஆன்மா இங்கே உடையும், சிதறும், கருவியால் அளக்கவும் படும். மெய்கண்ட நூல்களைக் கற்ற எனக்கு இக்கொள்கை உடன்பாடன்று. கதைக்கு அது பொருந்துகின்றதா என்பதே நோக்கத்தக்கது. பொருந்துகின்றது.

காண்போன் முதலிற் புகும் ஊர் கில்டட் வேல். ஊர் நடுவே ஒரு பெருமரம். அதில் மனிதர் தூக்கிலிடப்பட்டுத் தொங்குகின்றனர். அவ்வூரிலே ஓஃப்ரா என்றொரு கருவுற்ற பெண் நம்மை இரகசியமாக அழைத்து ஒன்று வேண்டுகின்றாள். ஊருக்கு வெளியே இருக்கும் மருத்துவிச்சியிடம் ஒரு மருந்து உண்டாம், அதை உண்டால் தன் குழந்தை ஆன்மாவுடன் பிறக்குமாம். நாம் காடுகடந்து சென்று மருத்துவிச்சியைக் காண்கிறோம். அவள் மருந்தைத் தருகின்றாள். தந்துவிட்டு, அதிலே யாதொரு சக்தியும் இல்லை, பெறும்வரை தாய்க்கு மனத்திடம் இருக்கும், அவ்வளவே என்கின்றாள்.

மருந்துடன் திரும்பி வந்து ஓஃப்ராவின் முன் நிற்கிறோம். மருந்தைக் கொடுத்து வாளாவிருக்கலாம். உண்மையைக் கூறலாம். நான் அந்தவிடத்திலே கணினியை அப்படியே விட்டுவிட்டுப் போய்த் தேநீர் குடித்து வந்தேன் என்றால் வாசகர் நம்புவாரோ அறியேன். நாவலில் இதுபோன்ற கட்டங்களைப் படித்திருக்கிறோம். அங்கே நாயகன் துணிவான், நாம் அதனை மெச்சுவோம் அல்லது குறை கூறுவோம். இங்கே மெச்சவும் குறைகூறவும் நாயகன் இல்லை. நான் சொல்லும்வரை அவள் காத்துக்கொண்டே நிற்கின்றாள். நான் மருந்தைக் கொடுத்தேன்.

இதனை ஒரு சிறு கிளைக்கதை என்றே அப்பொழுது கருதினேன். கருத்து மாறியது துயருறு தாய் எனப்படும் துணையைப் பெற்ற பின்னர். கண்டார்க்கு ஏழைக் குடியானவளாகத் தோன்றும் இவள் முன்பு மருத்துவிச்சியாயிருந்தவள், பிறர் மனத்துட் புகும் வித்தை வல்லவள். வெறுமையாய்ப் பிறந்த குழந்தையைத் தாயின் கையிற் கொடுக்கும்போது, அது சிரிப்பதாகவும் தன்னைப் பார்ப்பதாகவும் அத்தாய்க்குத் தோன்றுமாறு அவள் மனத்தை மயக்கிவிடுவாள். இரக்கத்தினாலே செய்தது. அந்த இரக்கம் என்ன விளைவைத் தந்தது என்பதை அவளே கூறக் கேட்கவேண்டும். ஓஃப்ராவிடம் நான் ஒருமுறை செய்ததை இவள் ஊர்முழுவதும் செய்தாள். வேறுபாடு அளவில் மட்டுமே.

இறுதியில் வருவது தேயோஸ் என்னும் பகைவன். குழந்தைகளின் ஆன்மாவைக் களவாடியவன் அவனே. ஏன் களவாடினான்? பன்னெடுங்காலத்துக்கு முன் எங்க்வித் என்னும் நாகரிகத்தார் கடவுளரைத் தேடினர். தேடிய இடமெங்கும் காணாராயினர். இச்செய்தி மக்களுக்குத் தெரியின் உலகம் சீரழியும் என அஞ்சித் தம் ஆன்மாக்களையே கொடுத்துக் கடவுளரைச் செய்துவைத்து மறைந்தனர். அந்த இரகசியத்தைக் காப்பவனாகத் தேயோஸ் பிறவிதோறும் நினைவழியாது வருகின்றான். வோடிக்கா என்னும் தெய்வத்தை வலுவுடையதாக்குதற்கே குழந்தைகளின் ஆன்மாக்கள் அவனுக்கு வேண்டியிருந்தன. உண்மையைச் சொல்லத் துணிந்த இயோவாரா என்பவள் உடல் மாண்டும் ஆன்மா மாளாது சிறையிற் கிடக்கின்றாள். அவளைக் காட்டிக்கொடுத்தவன் முற்பிறப்பிலே நாமே.

ஓஃப்ரா, துயருறு தாய், தேயோஸ். மூவரிடத்தும் வினா ஒன்றுதான். ஒருவருடைய ஆறுதலுக்காக அவரிடம் பொய் கூறலாமா? ஓர் ஊருக்காகக் கூறலாமா? உலகுக்காகக் கூறலாமா? முதலாவதற்கு உடன்பட்டவன் மூன்றாவதை எவ்விடத்தே நின்று மறுப்பான்? இவ்வினாவை எவரும் மேடையேறிக் கேட்பதில்லை. ஐம்பது அறுபது மணிநேரம் இடையிட்டு நிற்கும் இம்மூன்று நிகழ்ச்சிகளையும் ஆடுவோனே தொடுத்துக் காணவேண்டும். இதனை நான் இலக்கியம் என்று சொல்லக் கூசவில்லை.

ஆட்டத்தை முடித்தேன் என்று கேள்வியுற்று வந்த அன்பர், ஓஃப்ராவுக்கு என்ன செய்தீர்கள் என்று முதலிற் கேட்டார். சொன்னேன். "அப்படியென்றால் ஐயா, நீங்கள் தேயோஸின் கட்சி" என்று சிரித்தார். அவர் அவளிடம் உண்மையைக் கூறியவராம். நானும் சிரித்தேன். அவர் சென்றபின் சிரிப்பு நிலைக்கவில்லை. முதற்சங்கம் 4440 ஆண்டு நிலவியது என்று இறையனார் அகப்பொருளுரை கூறுவதை வகுப்பிலே படிப்பிக்கும்போது, மாணவர் எவரேனும் எழுந்து, "உண்மையா ஐயா?" என்று கேட்பதுண்டு. "உரையாசிரியர் அவ்வாறு கூறுகின்றார்" என்று விடையிறுத்து அடுத்த வரிக்குச் செல்வது என் வழக்கம். முப்பதாண்டு வழக்கம். அது மெய்யும் அன்று, பொய்யும் அன்று, ஓஃப்ராவின் மருந்து.

இனிக் குற்றம். கில்டட் வேலிலே ஓஃப்ராவைக் காணுமுன்னர் ஆடுவோன் காண்பது வேறொரு கூட்டத்தை. தலைக்குமேற் பொன்னிறத்திற் பெயர் பொறித்த மனிதர் வீதியிலும் விடுதியிலும் நிற்கின்றனர். அருகே சென்று அவருடைய ஆன்மாவைத் தொட்டால் பழம்பிறப்புக் கதையொன்று விரிகின்றது. ஒருவன் போரில் இறந்தான், ஒருத்தி காதலனை இழந்தாள், இப்படி. முதல் மூன்றையும் மிக்க கவனத்துடன் படித்துக் குறிப்பும் எடுத்தேன். பின்னரே அறிந்தேன், இவருக்கும் கதைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மிகுந்த பணம் கொடுத்த ஆதரவாளர் தத்தம் கற்பனைக்கேற்ப எழுதுவித்த பாத்திரங்களாம் இவை! கதையின் உயிர்நிலை ஆன்மாவைக் காணுதல். அந்த ஆற்றலைத் தொடக்கத்திலேயே இப்படிப் பயனில் கதைகளிற் செலவிடுவித்தால், மெய்யாகவே காணவேண்டிய ஆன்மா வரும்போது ஆடுவோன் சலித்துக் கடந்துவிடுவான். ஆட்டத்துக்கு நேர்ந்த பெருங்கேடு இதுவே என்பேன்.

புரவலரைப் பாடுதல் நமக்குப் புதிதன்று. சடையப்ப வள்ளலைக் கம்பன் நூறு பாடலுக்கு ஒருமுறை பாட எண்ணினான் என்றும், அவையோர் தடுக்கவே ஆயிரத்துக்கு ஒருமுறை பாடினான் என்றும் வழங்குங் கதை யாவரும் அறிவர். கதை மெய்யோ பொய்யோ, அளவு என்பதொன்று உண்டு என அறிந்தோர் கட்டிய கதை அது. ஒப்சிடியனாருக்கு அந்த அவையோர் வாய்க்கவில்லை.

கோட்டையின் கதையும் இத்தகையதே. நிதி சேர்ந்துகொண்டிருந்தபோது, 30 இலட்சம் சேர்ந்தால் ஆடுவோனுக்கு ஒரு கோட்டை, 35 இலட்சம் சேர்ந்தால் இரண்டாவதொரு பெருநகர் என்று வாக்களித்தனர். வாக்கைக் காத்தனர். கைட் நுவா என்னும் பாழ்ங்கோட்டை நம் கைக்கு வருகின்றது. மதில் கட்டலாம், தோட்டம் திருத்தலாம், வரி வாங்கலாம், அவ்வரியைக் கள்வரிடம் பறிகொடுக்கவும் செய்யலாம். கல்லிருக்கையில் ஆன்மாவாய் உறைந்து கோட்டையைப் பரிபாலிக்கும் பெண் ஒருத்தியைத் தவிர அங்கே நினைவில் நிற்பது ஒன்றுமில்லை. குழந்தைகள் ஆன்மாவின்றிப் பிறந்துகொண்டிருக்கும் நாட்டிலே நான் கூரைக்குச் செப்புக்காசு எண்ணிக்கொண்டிருந்தேன். கோட்டையின் கீழே 15 தளங்கொண்ட பாதலம். ஆதரவாளர் தொகை பெருகப் பெருகத் தளங்களையும் பெருக்கியதன் விளைவு இது. நான்கு தளங்கள் நன்றாயிருக்கின்றன. ஏனையவற்றிலே வெட்டிக்கொண்டு இறங்குவதே தொழில்.

இவ்வாறு கூறுதல் நன்றிகெட்ட செயல் அன்றோ என்று கேட்கலாம். அந்த 73,000 பேரும் கொடுத்திராவிட்டால் ஓஃப்ராவும் இல்லை, இயோவாராவும் இல்லை. மறுக்கவில்லை. ஆயின் கொடுத்தோருட் பலர் கேட்டது ஒரு நல்ல கதையையே. அவர் கேளாதவற்றையும் விலைப்பட்டியலிற் சேர்த்தவர் நிறுவனத்தாரே.

தெரிவுகள் பயனுடையனவா என்பது அடுத்துக் கேட்கத்தக்கது. இதில் ஆட்டம் ஒரு நிலையில் நிற்பதில்லை. கில்டட் வேலின் தலைவன் றேட்றிக், மரத்தில் மனிதரைத் தொங்கவிட்டவன், வெறுமையாய்ப் பிறந்த மகவைப் பெற்ற தன் மனைவியையும் கொன்றவன். அவன் உறவினன் கோல்ஸ்க்கின் வேண்டுகோளை ஏற்று நாம் அவனைக் கொல்லலாம். கொன்று அறம் செய்தோம் என்று மகிழ்ந்து செல்கிறோம். நெடுநாளின் பின் செய்தி வருகின்றது: றேட்றிக் இறந்தும் இறவாத பேருருவாய் எழுந்துவந்து கோல்ஸ்க்கைக் கொன்றுவிட்டான். இது மிக நன்று. ஆயின் டிபையன்ஸ் பே என்னும் பெருநகரிலே, ஆன்ம விஞ்ஞானத்தைத் தடைசெய்வதா வளர்ப்பதா என்று மன்றம் கூடுகின்றது. சான்று தேடி அலைந்து, மூன்று கட்சியாரையும் கேட்டு, முடிவில் அரசன்முன் நின்று வாதிடுகிறோம். என்ன வாதிட்டாலும் தேயோஸ் அங்கே பிறருடலிற் புகுந்து அரசனைக் கொல்கின்றான், நகரெங்கும் கலகம் மூளுகின்றது. கதைக்கு அது வேண்டும் என்பது விளங்குகின்றது. ஆயினும் மாணவனைப் பரீட்சை எழுதச்செய்து விடைத்தாளைத் திருத்தாமலே கிழித்ததுபோல் இருந்தது எனக்கு.

மொழியைப் பற்றி ஒரு சொல். கற்பனை இனத்தார் ஒவ்வொருவர்க்கும் ஒலியமைப்பு வேறாகிய மொழிகளைச் செய்திருக்கின்றனர். ஒன்று வேல்ஸ் நாட்டுமொழியின் சாயலுடையது. மற்றொன்று இத்தாலியத்தின் சாயலுடையது. செய்தவருடைய உழைப்பை மதிக்கின்றேன். ஆயினும் ஒரு சிற்றூரிலே வழி கேட்டால், விடைசொல்வோன் மூன்று வரியில் ஐந்து அருஞ்சொற்களையும் இரண்டு பழம்போர்களையும் எடுத்து வீசுகின்றான். குறிப்பேட்டிலே கலைக்களஞ்சியம் உண்டு. அதைத் தேடிச்சென்று பார்த்து மீள்வதற்குள் கேட்ட வழி மறந்துவிடும். நிகண்டு மனப்பாடமாகிய எனக்கே இந்தக் கதியென்றால் ஏனையோரை என் சொல்வது? அதே எழுத்தாளர், பேச்சை நிறுத்தி இடையிடையே ஓரிரு வாக்கியத்திலே ஒருவன் கைநடுக்கத்தையோ பார்வையையோ எழுதிக் காட்டும்போது எவ்வளவு தெளிவாக எழுதுகின்றனர்! கோட்டோவியமும் உரைநடையுமாகப் பழைய ஏடுபோல விரியும் சில கட்டங்களும் உண்டு. மதிலேறுதல், ஆறு கடத்தல் போன்றவை அங்கே நிகழ்கின்றன. அவற்றை இன்னும் மிகுதியாகத் தந்திருக்கலாம்.

போரைப் பற்றி அதிகம் கூற நான் தகுதியுடையேனல்லேன். நினைத்தவிடத்து நிறுத்திக் கட்டளையிட்டு மீண்டும் ஓடவிடும் முறை. அறுவரும் ஒரு வாசலில் நெருங்கி நிற்க, மந்திரவொளி நாற்புறமும் வீச, யார் யாரை அடிக்கிறார் என்பது எனக்குப் பல வேளைகளிற் புலப்படவேயில்லை. ஒன்றை மட்டும் பாராட்டுவேன். கொன்ற தலைக்கு இத்தனை என்று தேர்ச்சி அளிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டனர். ஒரு விலங்கினத்தைப் பற்றி அறிந்துகொள்ளும் வரையில் மாத்திரமே அதனுடன் பொருதற்குப் பயன் உண்டு. அதன்மேற் பயனில்லை. ஆதலால் விலகிச் செல்வதும் பேசித் தீர்ப்பதும் நட்டமாகா.

பதினொரு வகைத் தொழிலாளருள் எனக்கு உவப்பானவர் ஓதுவோர். சிறு சிறு அடிகளை நாமே தொடுத்து ஒரு பாட்டாக்கிக் கொடுக்க, அவர் போர்க்களத்திலே ஓதிக்கொண்டு நிற்பார். ஓரடியின் பயன் அடுத்த அடி தொடங்கிய பின்னும் சிறிதுநேரம் நீடிக்கும். ஆதலால் எந்த அடிக்குப்பின் எந்த அடி என்பதே சூட்சுமம். அந்தாதி கட்டிப் பழகியோர்க்கு இது எளிதில் வரும். இவ்வகையினனாகிய கானா ருவா என்னும் அறிஞன் தன் நாட்டு மக்களின் பழம்பெரு நூலொன்றைத் தேடிக்கொண்டு நம்முடன் வருகின்றான். அந்தப் பாதலத்திலே அது கிடைக்கின்றது. உடைந்து சிதறிய கற்பலகையாகக் கிடைக்கின்றது. பதினைந்து தளங்களையும் நான் வைது முடித்த பின்னரும், இந்த ஒன்றுக்காக அவற்றுட் சிலவற்றை மன்னிக்க வேண்டியிருக்கிறது. ஏடு செல்லரித்துப் போனதை நேரிற் கண்டவர்க்கு அவன் நின்ற நிலையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் தொடர்ச்சி 2018 இல் வந்தது. அருஞ்சொல்லின்மேற் சுட்டியை வைத்தால் அங்கேயே பொருள் தோன்றுமாறு அதிலே செய்துவிட்டனராம். ஒருவர்பின் ஒருவராக முறைவைத்துப் பொருதும் வழியையும் 2019 இற் சேர்த்தனர். அன்பர் அதனையும் கொணர்ந்து தந்தார். திறந்தேன். தொடக்கத்திலேயே ஒரு தெய்வம் மலையளவு சிலையுருவில் நிலத்தைப் பிளந்து எழுகின்றது. நான் செப்புக்காசு எண்ணிக் கூரை வேய்ந்த கைட் நுவாவை மிதித்து நொறுக்கிவிட்டுக் கடலுள் இறங்கிப் போகின்றது. அவ்வளவில் நிறுத்தியிருக்கிறேன். அடுத்த விடுமுறைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கின்றது.